மண்ணைப் போல் கடனையும் பரிசோதியுங்கள்

கிராமக் கூட்டங்களில் தொழில்நுட்பங்களைச் சொல்லி முடித்ததும், "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்பது எங்கள் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமத்தில் மக்காச்சோள சாகுபடி பற்றிப் பேசிவிட்டு இப்படிக் கேட்டேன். பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். "ஐயா, நீங்க சொல்ற மாதிரி செஞ்சா ஏக்கருக்கு அஞ்சு மூட்டை கூட வரும். நான் இல்லேங்கல. அந்த அஞ்சு மூட்டையும் வட்டிக்குப் போயிடுது. அதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்குங்களா?" என்றார்.

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்ணைப் பரிசோதிக்கச் சொல்கிறோம். தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்கிறோம். விதையின் முளைப்புத் திறனைக்கூடப் பார்க்கச் சொல்கிறோம். விளைந்ததில் பாதியைக் களத்து மேட்டிலேயே கொண்டு போகும் கடனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. விரிவாக்கப் பணியில் இருக்கும் எங்களைப் போன்றவர்களின் குறை இது. இதை ஒப்புக்கொண்டுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2019 ஆம் ஆண்டில் மத்திய அரசு நடத்திய தேசிய மாதிரி ஆய்வின்படி தமிழகத்தில் விவசாயக் குடும்பங்களில் நூற்றுக்கு 65 குடும்பங்கள் கடனில் இருந்தன. ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ரூ.1 லட்சத்துக்கு மேல் கடன் நின்றது. ஆகவே கடன்பட்டிருப்பது ஒருவருடைய தனிப்பட்ட அவமானம் அல்ல. மழையை நம்பிப் பயிர் செய்பவனுக்குக் கடன் இல்லாமல் தொழில் இல்லை. ஆனால் பயிர் செய்ய வாங்கும் கடன் வேறு. ஆண்டுக்கணக்கில் நின்று வட்டியாகவே வளரும் பழங்கடன் வேறு. இந்தப் பழங்கடனில் இருந்து மீள்வது எப்படி என்பதே இங்கு நாம் பார்க்க வேண்டியது.

நான் எழுதிய நோட்டு

என் தகப்பனார் மூன்று ஏக்கர் விவசாயி. கிணறு ஆழப்படுத்த 1980 ஆம் ஆண்டில் ரூ.5,000 கடன் வாங்கினார். வட்டி நூற்றுக்கு மூன்று. அடுத்த மூன்று ஆண்டுகளில் அவரால் முதலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. அதனால் கடன் கொடுத்தவர் வட்டியை முதலோடு சேர்த்துப் புது நோட்டு கேட்டார். நான் அப்போது பள்ளி மாணவன். கையெழுத்து நன்றாக இருக்கும். "தம்பியே எழுதட்டும்" என்றார் அவர். அவர் சொல்லச் சொல்ல, "ரூபாய் பத்தாயிரத்து நானூறு" என்று எழுதினேன். அப்பா கையெழுத்துப் போட்டார். வரும் வழியில், "அம்மாகிட்ட சொல்லாதே" என்றார்.

1986 இல் மறுபடியும் கணக்குப் பார்த்தபோது அந்த ரூ.10,400 ரூ.21,632 ஆகியிருந்தது. வாய்க்கால் ஓரத்து ஒரு ஏக்கரை விற்றுக் கடனை அடைத்தோம். பத்திரம் பதியும் நாளன்றுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. "மூணு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா என் தோட்டையும் சங்கிலியையும் வித்து முடிச்சிருக்கலாமே" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பதில் இல்லை. அந்த நோட்டை எழுதியவன் நான்தான். நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவிகிதம் என்பதும், மூன்று ஆண்டில் வட்டியே முதலைத் தாண்டிவிடும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

இன்றைய தொகையில் பாருங்கள். ரூ.50,000 கடனுக்கு நூற்றுக்கு மூன்று வட்டி. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நோட்டு மாற்றி எழுதினால் முதல் முறை ரூ.1,04,000, இரண்டாம் முறை ரூ.2,16,320, மூன்றாம் முறை ஏறத்தாழ ரூ.4,50,000. ஒன்பது ஆண்டில் ஒன்பது மடங்கு. எந்த வீரிய ரகமும் இப்படி மகசூல் தருவதில்லை.

முதல் வேலை: ஒரு தாளும் பேனாவும்

கடனில் இருந்து மீள விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது புதிதாகப் பணம் தேடுவது அல்ல. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுவது. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். யாரிடம் வாங்கியது, முதல் எவ்வளவு, வட்டி என்ன, இதுவரை கட்டியது எவ்வளவு, என்ன அடமானம், கெடு எப்போது - இந்த ஆறையும் ஒவ்வொரு கடனுக்கும் குறிக்க வேண்டும்.

கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த விவசாயியின் வீட்டுக்கு 2022 இல் ஒரு மாலை சென்றேன். "மொத்தம் எவ்வளவு இருக்கும்?" என்றேன். "ஒரு ரெண்டு லட்சம் இருக்கும்யா" என்றார். எழுதத் தொடங்கினோம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் ரூ.60,000. வங்கியில் நகைக்கடன் ரூ.80,000. ஆழ்துளைக் கிணறு போட நோட்டு எழுதி வாங்கியது ரூ.1,00,000. தண்டல் ரூ.20,000. உரக்கடை பாக்கி ரூ.30,000. மைத்துனரிடம் கைமாற்று ரூ.25,000. அத்துடன் முடிந்தது என்றார். அப்போது அவர் மனைவி மெதுவாக, "குழுவுல நான் வாங்குனது நாப்பதாயிரம் நிக்குதுங்க" என்றார். அது அவருக்குத் தெரியாது. நோட்டுக் கடன் அந்த அம்மாவுக்குத் தெரியாது. கூட்டினால் ரூ.3,55,000. இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

அந்த மௌனத்தைத் தாங்கித்தான் ஆக வேண்டும். களர் நிலம் என்று தெரிந்த பிறகுதானே ஜிப்சம் எவ்வளவு இடுவது என்று கணக்குப் போட முடியும்? தெரியாத கடனுக்கு மருந்து கிடையாது.

வட்டியை ஒரே படியால் அளங்கள்

நூற்றுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு, வாரத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வதால் எது மலிவு, எது கொள்ளை என்று நமக்குப் புரிவதில்லை. எல்லாவற்றையும் ஆண்டு வட்டியாக மாற்றுங்கள். நூற்றுக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 சதவிகிதம். நூற்றுக்கு மூன்று என்றால் 36. நூற்றுக்குப் பத்து என்றால் 120. தண்டலில் ரூ.10,000 என்று சொல்லி ரூ.9,000 கையில் கொடுத்து, நாளுக்கு ரூ.100 வீதம் 100 நாள் வாங்குகிறார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். முதலும் தினந்தோறும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் இது ஆண்டுக்கு 75 சதவிகிதத்துக்கு மேல் ஆகிறது.

மறுபுறம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் திருப்பிக் கட்டினால் தமிழகத்தில் விவசாயிக்கு வட்டியே இல்லை. அதை அரசு ஏற்றுக்கொள்கிறது. வங்கிகளில் உழவர் கடன் அட்டை மூலம் வாங்கும் பயிர்க்கடனை ஒழுங்காகக் கட்டுவோருக்கு, சலுகை போக, ரூ.3 லட்சம் வரை 4 சதவிகிதமே வட்டி.

நாம் செய்வது என்ன? தண்டல்காரர் வாசலில் வந்து நிற்கிறார். அவருக்கு முதலில் கொடுக்கிறோம். சங்கம் வாசலுக்கு வருவதில்லை. அதன் கெடுவை மறக்கிறோம். கெடு தவறினால் வட்டிச் சலுகை போகிறது, அடுத்த பருவத்துக்குக் கடனும் கிடைப்பதில்லை. பிறகு அந்தப் பருவத்துக்கும் மூன்று வட்டிக்கு வெளியில் வாங்குகிறோம். பழங்கடன் வளரும் வழி பெரும்பாலும் இதுதான்.

அந்தக் குடும்பத்துக்கு ஆண்டு வட்டி மட்டும் ஏறத்தாழ ரூ.63,000 ஆகி வந்தது. அதில் ரூ.36,000 அந்த ஒரு நோட்டுக்கே. மொத்தக் கடனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நோட்டு, மொத்த வட்டியில் பாதிக்கு மேல் தின்றது. தாளில் எழுதியதும் இது கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரை அவர் உரக்கடைப் பாக்கியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டுக் கொண்டிருந்தார்.

அடைக்கும் வரிசை

வட்டி மிக அதிகமான கடனை முதலில் அடைக்க வேண்டும். மற்றவற்றுக்குக் கெடு தவறாமல் குறைந்தபட்சத் தவணை மட்டும் கட்டி வர வேண்டும். நகை ஏலத்துக்கு வருகிறது, நிலத்துக்கு ஆபத்து என்ற நிலை இருந்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றலாம்.

அந்த வீட்டில் அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி பெட்டியில் இருந்தது. ஆண்டுக்கு 36 ரூபாய் வட்டி கட்டிக்கொண்டு பொன்னைப் பெட்டியில் வைத்திருப்பதில் பொருள் இல்லை என்றேன். முடிவு அந்த அம்மாவுடையது. இரண்டு நாள் யோசித்து, சரி என்றார். வங்கியில் அடகு வைத்து ரூ.75,000 பெற்றார்கள். ஊர்ப் பெரியவர் இருவரை வைத்துக்கொண்டு நோட்டுக்காரரிடம் பேசினார்கள். முதலில் முக்கால் பங்கு மொத்தமாகக் கைக்கு வருவதால், மீதி ரூ.25,000-ஐ வட்டியில்லாமல் மாதம் ரூ.2,500 வீதம் பத்துத் தவணையில் பெற்றுக்கொள்ள அவர் ஒப்பினார். எல்லோரும் ஒப்புவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வராத வட்டியைவிட வரும் முதல் மேல் என்று நினைப்பவர்கள் பலர். கேட்காமல் எதுவும் கிடைக்காது.

ஓடிக்கொண்டிருந்த தண்டலைக் கட்டி முடித்தார்கள், புதிதாக வாங்கவில்லை. இரண்டாவது ஆழ்துளைக் கிணறு போட ரூ.1.5 லட்சம் கடன் வாங்கும் யோசனை அவருக்கு இருந்தது. அதை நிறுத்தினார். வட்டியில் மிஞ்சியதும், ஒரு பசுவின் பால் பணமும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ ரூ.4,900 கடனுக்கென்று ஒதுங்கியது. 2024 அறுவடை முடிந்தபோது நோட்டு, தண்டல், குழுக் கடன், உரக்கடைப் பாக்கி நான்கும் தீர்ந்திருந்தன. சங்கிலி வீட்டுக்கு வந்துவிட்டது. பழைய நகைக்கடனும், மைத்துனருக்குத் தர வேண்டியதில் பாதியும் நின்றன. பயிர்க்கடன் கெடு தவறாமல் புதுப்பிக்கப்பட்டு வந்தது. இது அற்புதம் அல்ல. இரண்டரை ஆண்டு உழைப்பு.

செய்யக்கூடாதவை

1. ஒரு கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்கு இன்னொரு கடன் வாங்கக்கூடாது.

2. எழுதாத புரோநோட்டிலும், தொகை நிரப்பாத காசோலையிலும் கையெழுத்துப் போடக்கூடாது.

3. கடனுக்கு ஈடாக நிலத்தைக் கிரயமாகவோ, பொது அதிகாரப் பத்திரமாகவோ எழுதித் தரக்கூடாது. "பணம் கொடுத்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்ற வாய்ச்சொல் பத்திரத்தில் இருக்காது. அடமானம் என்றால் அடமானமாகவே எழுத வேண்டும்.

4. கட்டிய பணத்துக்கு ரசீது வாங்காமலோ, நோட்டின் பின்புறம் வரவு எழுதி வாங்காமலோ வீடு திரும்பக்கூடாது. கடன் தீர்ந்ததும் நோட்டைத் திரும்பப் பெற வேண்டும்.

5. வட்டியை முதலோடு சேர்த்து நோட்டு மாற்றி எழுதச் சம்மதிக்கக்கூடாது. வட்டியில் ஒரு பகுதியையாவது கட்டி, மீதியைக் குறைத்துக்கொள்ளப் பேசுங்கள்.

வட்டிக்கு விடுபவரின் தொல்லை எல்லை மீறினால் சட்டம் உண்டு. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தினவட்டி, தண்டல் போன்ற அதீத வட்டி வசூலைத் தடுக்கத் தமிழகத்தில் 2003 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 3 ஆண்டு வரை சிறையும், ரூ.30,000 வரை அபராதமும் விதிக்கலாம். காவல் நிலையத்திலும் மாவட்ட ஆட்சியரிடமும் மனுக் கொடுக்கலாம். வழக்கு வரை போன கடனை மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமின்றிப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தகுதியுள்ளோருக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். பெண்கள் அனைவருக்கும் அந்தத் தகுதி உண்டு.

கடன் உள்ள நிலத்தில் என்ன பயிர்?

பழங்கடன் உள்ளவர் பெரிய லாபம் தரும் பயிரைத் தேடிப் போகக்கூடாது என்பது என் கருத்து. ஒரே ஆண்டில் கடனை அடைத்துவிடலாம் என்று முழு நிலத்திலும் ஒரே பயிரை வைத்து, விலை விழுந்ததும் நொடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்ன வெங்காயம் ஒரு ஆண்டு தூக்கிவிடும், மறு ஆண்டு கவிழ்த்துவிடும். 2018 இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபோது, முழு நிலத்திலும் மக்காச்சோளம் போட்டிருந்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

வாரம் ஒரு முறையோ, மாதம் இரு முறையோ பணம் வரும் ஒரு சிறு வழி வேண்டும். ஒரு கறவை மாடு, நாலைந்து ஆடு, பத்து சென்ட்டில் கீரையோ பூவோ போதும். தவணை மாதந்தோறும் வருகிறது. அறுவடை ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது. இந்த இடைவெளியில்தான் தண்டல் நுழைகிறது.

செலவிலும் கவனம் வேண்டும். மண் பரிசோதனைப்படி மட்டும் உரம் இடுங்கள். பக்கத்து வயல்காரர் தெளித்தார் என்பதற்காக மருந்து தெளிக்காதீர்கள். பயிர்க் காப்பீட்டில் சேருங்கள். உணவுப் பயிருக்குக் காரிஃப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவிகிதம், ராபியில் 1.5 சதவிகிதம்தான் விவசாயி கட்ட வேண்டிய பங்கு. அறுவடை நேரத்தில் விலை குறைவாக இருந்தால் அவசரப்பட்டு மண்டியில் கொட்டாமல், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்துக் குறைந்த வட்டியில் பொருளீட்டுக் கடன் பெறலாம்.

நிலத்தில் வரும் நஷ்டத்தைவிட மருத்துவமனைச் செலவால் கடனாளி ஆனவர்களும் பலர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை அதில் சிகிச்சை பெறலாம்.

தள்ளுபடியும் வங்கியின் கடமையும்

தமிழகத்தில் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் தள்ளுபடி செய்யப்பட்டன. 2008 இல் மத்திய அரசும் தள்ளுபடி அறிவித்தது. இடருற்ற விவசாயிக்கு இவை உதவின என்பதில் ஐயமில்லை. ஆனால் தள்ளுபடி, நோட்டுக் கடனைத் தொடுவதில்லை. நான் சொன்ன குடும்பத்துக்கும் 2021 இல் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. நோட்டு அப்படியே இருந்தது. தள்ளுபடி வரும் என்று நம்பிக் கெடு தவறவிடுபவர், வட்டியில்லாக் கடனை இழந்து மூன்று வட்டிக்குப் போகிறார். தேர்தலை நம்பிக் கடனைத் தள்ளிப்போடுவது மழையை நம்பி விதையை விற்பது போன்றது.

இன்னொரு வழி இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. தனியாரிடம் கடன்பட்டு நலிந்த விவசாயிக்கு, அந்தக் கடனை அடைப்பதற்கென்றே வங்கி கடன் தரலாம். ரிசர்வ் வங்கி அதை முன்னுரிமைக் கடன்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் கிளைகளில் இதைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. வேளாண்மைத் துறையும், பல்கலைக்கழகமும், வங்கிகளும் சேர்ந்து ஒவ்வொரு வட்டாரத்திலும் இதற்கென ஒரு நாள் ஒதுக்க வேண்டும். விவசாயியின் கடன் தாளைப் பார்த்து, அவரை வங்கிக்கு அழைத்துச் செல்வதும் விரிவாக்கப் பணிதான். நிலம் சொந்தமாக இல்லாத குத்தகைதாரர்கள் அடங்கல் இல்லாமல் திரும்பி வருகிறார்கள். அவர்களைக் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்த்துக் கடன் தர விதியில் இடம் இருக்கிறது. விதி இருந்தால் போதாது. கிளை மேலாளர் மனம் வைக்க வேண்டும்.

மனம் தளரும்போது

நீண்ட நாள் கடன் தூக்கத்தைக் கெடுக்கும். பேச்சு குறையும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போகாமல் ஒதுங்குவார்கள். வீட்டிலோ பக்கத்திலோ யாராவது இப்படி இருந்தால், அவரைத் தனியாக விடாதீர்கள்; நேராகக் கேளுங்கள். பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். பூட்டிய இடத்தில், இன்னொருவர் கையில் சாவியைக் கொடுத்து வையுங்கள். 104 என்ற எண்ணிலும், 14416 என்ற எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். நிலம் போனாலும் குத்தகைக்குப் பிடித்துப் பயிர் செய்யலாம். எங்கள் வீட்டில் ஒரு ஏக்கர் போனது. அப்பா இருந்தார். மீதி இரண்டு ஏக்கரில் உழைத்து எங்களைப் படிக்க வைத்தார்.

விவசாய நண்பர்களே, இந்த வாரம் ஒரு மாலை வேளை ஒதுக்குங்கள். வீட்டில் இருவரும் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதுங்கள். கையெழுத்து நன்றாக உள்ள பிள்ளை இருந்தால் அவனையோ அவளையோ எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் "அம்மாகிட்ட சொல்லாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள்.